நாற்பத்து மூன்று வயதில் எம்.ஏ. தமிழ்: சேரும் முன் யாராவது சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும்

வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் இருக்க, நாற்பதைத் தாண்டிய பிறகு மறுபடி படிக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சம்பள உயர்வுக்காகப் படிக்கிறவர்களுக்கு யோசனை சொல்ல ஆபீஸிலேயே நாலு பேர் இருப்பார்கள். பிடித்த பாடம் என்பதற்காக மட்டும் படிக்கப் போகிறவருக்கு அப்படி ஒருவரும் கிடைக்க மாட்டார். எனக்குக் கிடைக்கவில்லை. நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன் (எங்கள் பக்கம் தொழிற்சாலையைத்தான் தீப்பெட்டி ஆபீஸ் என்போம்). 2001-இல் பி.காம். முடித்தேன். பள்ளியில் எனக்குத் தமிழில்தான் நல்ல மார்க். தமிழ் படித்தால் டீச்சர் வேலைக்குக் காத்துக் கிடக்கணும், காமர்ஸ் படித்தால் மறுநாளே வேலை என்றார் அப்பா. அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, டேலியும் ஜிஎஸ்டியும் பழகினேன். நடுவில் எப்போதோ கதை எழுதலாம் என்று ஒரு டைரி வாங்கினேன். அது பால் கணக்கு எழுதியே தீர்ந்துபோனது.

2022-இல் மகன் பத்தாம் வகுப்புக்குப் போனான். அவன் ராத்திரி படிக்கும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நாமும் எதையாவது படிக்கலாமே என்று தோன்றியது. விசாரித்ததில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த 'ஸ்டடி சென்டரை'க் கைகாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கி, மாமா சித்தப்பா வயதுக்காரர்கள் பல பேர் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கிய ஊர்கள் இவை. மாடியில் இருந்தவர் மிக மரியாதையாகப் பேசினார். வெளிமாநிலப் பல்கலைக்கழகம், எம்.ஏ. தமிழ், இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 32,000 ரூபாய், புத்தகம், பரீட்சைக் கட்டணம், சர்ட்டிபிகேட் எல்லாம் அதிலேயே அடக்கம், "நீங்க எதுக்கும் அலைய வேண்டாம் மேடம்". சீட்டுப் பணம் வந்த நேரம். கட்டிவிட்டேன். ரசீதில் அந்த சென்டரின் பெயர்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே இப்போதும் வயிறு எரிகிறது. ஜெராக்ஸ் எடுத்த பாடப்புத்தகம் ஒன்று வந்தது. ஹால் டிக்கெட் இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்று ஓட்டினார்கள். பரீட்சை தள்ளிப்போயிருக்கிறது என்றார்கள். ஒரு வருடம் ஓடிய பிறகு அந்த மாடிக் கதவில் 'வாடகைக்கு' என்று தாள் ஒட்டியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டால் என் பெயரில் சேர்க்கையே இல்லை என்றார்கள். தம்பி போய்ச் சத்தம் போட்டு 10,000 ரூபாய் வாங்கி வந்தான். மிச்சம் 22,000 போனது போனதுதான். பணத்தைவிட, வீட்டில் அதைச் சொல்ல முடியாமல் இருந்ததுதான் கொடுமை. "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு நாமே பதில் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே.

ஆகவே பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை. யூஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 'டெப்' என்கிற தொலைநிலைக் கல்விப் பிரிவுக்குத் தனி இணையதளம் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பை, எந்த ஆண்டுச் சேர்க்கைக்கு நடத்த அனுமதி பெற்றிருக்கிறது என்று அதில் பட்டியல் கிடைக்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப் போகும் படிப்பும் நீங்கள் சேரும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும். அடுத்து, மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைப் படிப்பைத் தங்கள் எல்லையைத் தாண்டி நடத்த முடியாது. ஆன்லைன் படிப்புக்கு அந்த எல்லை கிடையாது. அதனால் தொலைநிலையா, ஆன்லைனா என்பதை முதலிலேயே தெளிவாகக் கேளுங்கள். வாய் வார்த்தையாக 'இரண்டும் ஒண்ணுதான்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். யூஜிசியின் 2020 விதிமுறைப்படி, தொலைநிலைக் கல்வியைத் தனியாருக்கு ஏஜென்சி மாதிரி விடுவதே கூடாது. உதவி மையம் என்றால் அது ஒரு கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இயங்க வேண்டும். ஜெராக்ஸ் கடை மாடிக்கு அதில் இடமில்லை. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே கட்டுங்கள். பதிவு எண் வந்து, அது அவர்கள் தளத்தில் திறக்கும் வரை நீங்கள் மாணவர் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். பி.காம். முடித்து எம்.ஏ. தமிழ் படிக்கலாம், எல்லாப் பல்கலைக்கழகத்திலும் அல்ல, சில இடங்களில் எந்தப் பட்டமும் போதும், சில இடங்களில் பட்டப்படிப்பில் தமிழைப் பாடமாக எடுத்திருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் அதை வைத்து அரசுப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியர் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். எங்கள் வகுப்பிலேயே ஒரு பெண் இது தெரியாமல் இரண்டாம் வருடம் வரை வந்துவிட்டு, விஷயம் தெரிந்த அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

2024-இல் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நேராகச் சேர்ந்தேன். கட்டணம் வருடத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம். மாடிக்காரர் கேட்டதில் பாதிகூட இல்லை. அந்த வருடம்தான் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் சேருகிறவர்களுக்கு 'டெப் ஐடி' என்று ஒரு அடையாள எண்ணைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். அதற்கு முதலில் டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி (நம் படிப்பு மதிப்பெண் புள்ளிகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்) எடுக்க வேண்டும், அதில் ஆதாரில் இருக்கிற பெயர்தான் வரும். அங்கே பிடித்தது சனி. என் பட்டச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல். கல்யாணமான பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. வேலைக்குப் போகும்போது யாரும் கேட்பதில்லை, படிக்கப் போனால்தான் நாம் இரண்டு ஆள் என்று தெரிகிறது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். நான் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு முறை மாற்றியாயிற்று. மிச்சமிருந்த ஒன்றை இதற்குச் செலவழிக்க மனசில்லை. திருமணப் பதிவுச் சான்றும், இருவரும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழியும் கொடுத்துச் சமாளித்தேன். எல்லா இடத்திலும் இது போதாது. சில இடங்களில் அரசிதழில் பெயர் மாற்றம் கேட்பார்கள், அது கைக்கு வர நேரம் பிடிக்கும். சேர்க்கை திறக்கும் முன்னாலேயே உங்கள் பத்தாம் வகுப்புச் சான்று, பட்டம், ஆதார் மூன்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். 'எச்' ஒன்று கூடக் குறைய இருந்தாலும் பிற்பாடு அலைச்சல்தான்.

வார இறுதியில் திருநெல்வேலியில் தொடர்பு வகுப்பு. வகுப்பில் என்னைவிட மூத்தவர்கள் இருந்தார்கள் என்பதே பெரிய நிம்மதி. ஒரு ஏட்டு, அங்கன்வாடி டீச்சர், ஓய்வு பெற்ற போஸ்ட்மேன், ஒரு கன்னியாஸ்திரி, மீதி எல்லாம் இருபத்தைந்துக்குள். பாடம் நடத்த வந்தவர்கள் பெரும்பாலும் என்னைவிடச் சின்னவர்கள். ஒருவர் வாய்தவறி என்னை "அக்கா" என்று கூப்பிட்டு, உடனே "அம்மா" என்று திருத்தினார். அக்காவே தேவலை. இன்னொருவர், "நீங்கள்லாம் பொழுதுபோக்குக்குப் படிக்கிறவங்க, பயப்பட வேண்டாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. காலையில் இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டு, அத்தைக்கு மாத்திரை எடுத்து வைத்து, பிளஸ் டூ படிக்கிற பையனை எழுப்பிவிட்டு, நின்றுகொண்டே பஸ்ஸில் வருவதற்கு இப்படி ஒரு பெயரா என்று இருந்தது. அத்தை மட்டும் சேர்ந்தது முதல் ஒரே கேள்விதான்: "இப்பப் போயி படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டன் மட்டும் அவரே வைக்கப் பழகிக்கொண்டார், இப்போது நான் வைத்தால் பிடிப்பதில்லை.

பாடத்தைவிட என்னை அடித்துப் போட்டது கை. இருபது வருடமாகக் கீபோர்டில் தட்டியே பழகிய கை; பேனா பிடித்தது செக்கில் கையெழுத்துப் போட மட்டும்தான். பரீட்சை மூன்று மணி நேரம். முதல் பரீட்சையில் முக்கால் மணி நேரத்திலேயே கட்டைவிரல் அடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பதில் தெரிகிறது, கை வரவில்லை. பக்கத்து இருக்கைப் பிள்ளை கூடுதல் தாள் கேட்டுக் கேட்டு வாங்க, எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் தினமும் விடியற்காலை அரை மணி நேரம், அலாரம் வைத்து நிறுத்தாமல் எழுதிப் பழகினேன். பாடம்தான் என்றில்லை, எதையாவது. தடிமனான, அழுத்தாமல் ஓடுகிற பேனாவாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடியைப் புதுசாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மானிட்டர் தூரத்துக்குச் சரியாக இருப்பது புத்தகத்துக்குச் சரியாக இருக்காது. மனப்பாடம் இந்த வயதில் ஏறாது என்பதை ஒப்புக்கொண்டால் பாதி பாரம் குறையும். தொல்காப்பிய நூற்பாவை உருப்போட முயன்று தூங்கிப் போனதுதான் மிச்சம். அதையே, நம் ஊர்ப் பேச்சில் இதற்கு எது உதாரணம் என்று பக்கத்தில் எழுதி வைத்தபோது நின்றது. ஒப்படைப்புகளை, அதாவது அசைன்மென்ட்களை, விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொலைநிலைப் படிப்பில் முப்பது சதவீதம் வரை அதிலிருந்து வரும், எழுபது பரீட்சைக்கு. நம் மாதிரி ஆட்களுக்கு அந்த முப்பதுதான் கைத்தடி.

ஒரு தாளில் நான் பரீட்சை எழுதியும் 'வரவில்லை' என்று முடிவு வந்தது. ஹால் டிக்கெட்டில் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டிருந்த பக்கத்தைப் போனில் படம் பிடித்து வைத்திருந்ததால் தப்பித்தேன். அதற்கும் ஒரு நாள் லீவு, ஒரு நாள் சம்பளம். ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

இனி எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். படிக்கப் போனால் எழுத்து தானாக ஊறும் என்று நினைத்திருந்தேன். முதல் பருவம் முழுக்க ஒன்றும் ஊறவில்லை, தூக்கம்தான் வந்தது. உட்கார்ந்து எழுதினாலும் யாரோ எழுதியது மாதிரியே இருந்தது. மழை, ஜன்னல், காப்பி. நான் மழைக்கு ஜன்னல் ஓரம் காப்பி குடித்ததே கிடையாது. மழை வந்தால் காயப்போட்ட குச்சி நனையும் என்று ஆபீஸில் எல்லோரும் ஓடுவோம்.

குறுந்தொகை வகுப்பில்தான் முதன்முதலாக எதுவோ அசைந்தது. அந்தத் தொகையில் சில புலவர்களின் சொந்தப் பெயர் தெரியாமல் போய்விட்டது, பாட்டில் அவர்கள் வைத்த ஒரு தொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார் எல்லோருக்கும் தெரியும். அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார், விட்ட குதிரையார் என்று பட்டியல் போகிறது. குப்பைக் கோழியார் என்று ஒருவர். குப்பைமேட்டில் இரண்டு கோழி சண்டை போடுகிறது. மூட்டிவிட்டவரும் இல்லை, விலக்கிவிட வருகிறவரும் இல்லை, தானாக ஓய்ந்தால்தான் உண்டு. காதல் நோயை அதோடு வைத்துச் சொன்ன ஒருவர், பெயர் தொலைந்து, கோழியாலேயே இத்தனை நூற்றாண்டு நிற்கிறார். உ.வே.சாமிநாதையர் 1937-இல் போட்ட பதிப்பை நூலகத்தில் எடுத்துப் புரட்டினேன். ஊரே காலி செய்து போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுகிறது என்கிற அந்த ஒரு வரி போதும், மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸ்கள் கண்ணுக்குள் வந்துவிட்டன. இவர்கள் யாரும் தேடிப் போய் எதையும் கொண்டுவரவில்லை. வாசலில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து விடியற்காலை அரை மணி நேரத்தில், முந்தின நாள் ஆபீஸில் கண்ணால் பார்த்த ஒன்றே ஒன்றை எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். கருத்து சொல்லக் கூடாது, பார்த்ததை மட்டும். கைக்குப் பயிற்சியும் ஆயிற்று.

பெரிய திறப்பு கடைசிப் பருவத்தில், திட்டக் கட்டுரைக்காக நாட்டுப்புறவியலை எடுத்தபோது கிடைத்தது. நெல்லைப் பக்கம் இந்தத் துறைக்குச் செழிப்பான நிலம். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை வாத்தியார் வேலையோடு வேலையாக ஊர் ஊராகப் பாட்டுச் சேர்த்தவர், பாளையங்கோட்டையிலிருந்து 'ஆராய்ச்சி' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். அது தெரிந்ததும் எனக்குத் துணிச்சல் வந்தது. நூலகத்தில் போய் உட்கார எனக்கு நேரமில்லை, ஆனால் எங்கள் ஊரில் பாட்டு இருக்கிறது. தாலாட்டை எல்லோரும் எடுத்துவிட்டார்கள் என்று நெறியாளர் சொன்னார். ஒப்பாரி என்றேன். "பாடுவாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை.

துட்டி (சாவு) வீட்டுக்கு வெளியே ஒப்பாரி பாட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். வீட்டுக்குள் பாடினால் அந்த வீட்டில் இழவு விழும் என்று பயம். துட்டி வீட்டிலேயே போனை நீட்டுவது மனுஷத்தனம் இல்லை. போன இடமெல்லாம் "வேற ஏதாவது கேளு தாயி" என்று அனுப்பிவைத்தார்கள். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி, எழுபதைத் தாண்டியவள், "வீட்டுல வச்சு வேண்டாம், கம்மாக்கரைக்கு வா. வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி வந்துரணும்" என்றாள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். காற்று வீசினால் பதிவில் இரைச்சல்தான் கேட்கும் என்று போனைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பெரியம்மா வெற்றிலையை மென்று துப்பிவிட்டு ஆரம்பித்தாள், வரவில்லை. இரண்டு வரி சொல்லி நிறுத்தினாள். பாட்டு மாதிரி இல்லை, மளிகைச் சீட்டு வாசிப்பது மாதிரி இருந்தது. "தோள் கெடைக்காம எப்படி வரும்?" என்று கிட்ட இழுத்து, என் தோளில் ஒரு கையைப் போட்டாள். ஒப்பாரி என்பது ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து ஆடிக்கொண்டே அழுவது. தனியாக உட்கார்ந்து பாட அது கச்சேரியா? இரண்டு பேரும் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியதும் அவள் குரல் மாறிவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன் செத்துப்போன தன் அம்மாவை அழுதாள்.

முறமெடுத்துப் பொடச்ச கையி – என்னப் பெத்த அம்மா
முத்துப்போல அரிசி தந்த கையி
மூணு குறுக்கம் கரிசக்காடு – என்னப் பெத்த அம்மா
மூத்தவளுக்கு ஒரு சாணும் இல்லையே

வீட்டுக்கு வந்து ராத்திரி அதை எழுத்தில் இறக்கும்போதுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அழுகை என்று நினைத்தது முழுக்கக் கணக்கு. அம்மா என்ன கொடுத்தாள், எத்தனை பவுன் சொல்லி எத்தனை போட்டார்கள், காடு யாருக்குப் போனது, எந்தத் தீபாவளிக்கு அண்ணன் சீலை எடுத்துத் தரவில்லை, ஒன்று விடாமல் வரிசையாக இருந்தது. பற்றும் வரவும் பிசகவில்லை. உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு பொம்பளை வாய்விட்டுக் கேட்க முடியாத பாக்கியை, யாரும் குறுக்கே பேச முடியாத ஒரே இடத்தில், சத்தமாக, எல்லோர் முன்னாலும் படித்துவிடுகிறாள். நான் இருபது வருடமாகப் பேரேடு எழுதுகிறவள். இப்படி ஒரு பேரேடு இருப்பது தெரியாமலே இருந்திருக்கிறேன். ஆபீஸ் கணக்கு வேறு, இலக்கியம் வேறு என்று நான் போட்டு வைத்திருந்த சுவர் அன்றைக்கு விழுந்தது.

அதற்கு அடுத்த நாள் ஆபீஸில் கூலிப் பட்டியலைத் திறந்தால் அது வேறு மாதிரித் தெரிந்தது. கட்டை அடுக்குகிற, பெட்டி ஒட்டுகிற பெண்கள் மகள் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் அட்வான்ஸ் வாங்குவார்கள், வாரா வாரம் கூலியில் பிடித்தம். அந்தப் பிடித்தப் பத்தியை ஆறேழு வருடத்துக்குக் கீழே இறங்கிப் படித்தால் ஒரு குடும்பத்தின் கதை அப்படியே இருக்கிறது. எந்த வாரம் பிடித்தம் நின்றது, ஏன் நின்றது, எந்த மாதம் மறுபடி அட்வான்ஸ். என் முதல் கதையை அந்தப் பத்தியிலிருந்து எழுதினேன், பெயரும் ஊரும் தொகையும் மாற்றி. உவமை ஒன்றும் வைக்கவில்லை. எண்களை மட்டும் வைத்தேன். மேலாளருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்ற பயம் இருந்ததால் கூடுதலாகவே மாற்றினேன். அது கதைக்கு நல்லதாகப் போயிற்று. ஒரு சிற்றிதழில் வந்தது. சன்மானம் கிடையாது, இரண்டு பிரதி அனுப்பினார்கள். ஒன்றை அத்தை எடுத்து வைத்துக்கொண்டாள், படித்தாளா என்று தெரியாது. அடுத்தடுத்து அனுப்பியவற்றுக்குப் பதிலே வரவில்லை. பரவாயில்லை, எழுத விஷயம் இல்லை என்கிற பிரச்சினை இப்போது இல்லை.

எனவே படிப்போடு எழுத்தும் வேண்டும் என்று வருகிறவர்கள், விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது களப்பணி உள்ளதாகப் பாருங்கள். நாட்டுப்புறவியல், கல்வெட்டியல், ஊர்ப் பெயர் ஆய்வு, எதுவானாலும் வீட்டை விட்டு வெளியே போய் நாலு பேரிடம் பேச வைக்கிற பாடமாக இருக்கட்டும். பதிவை எழுத்தில் இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. பதிவு செய்த அன்றே இறக்குங்கள். தள்ளிப்போட்டால் எந்தச் சொல் எது என்று நமக்கே பிடிபடாது. 'பொடச்ச' என்று சொன்னால் 'பொடச்ச' என்றே எழுதுங்கள், 'புடைத்த' என்று திருத்தினால் பாட்டு செத்துவிடும். பாடியவர் பெயர், வயது, ஊர், தேதி எல்லாம் குறித்து வையுங்கள். ஆனால் கட்டுரையில் எதைப் போடலாம் என்று அவரிடமே கேளுங்கள். பெரியம்மா பாட்டில் அண்ணன் பெயர் சொல்லித் திட்டியிருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். "பேர எடுத்துரு, காட்ட மட்டும் விட்டுரு" என்றாள். அப்படியே செய்தேன்.

மொத்தச் செலவைக் கேட்பவர்களுக்கு: மாடிக்காரரிடம் போன 22,000-ஐ விட்டுவிட்டால், இரண்டு வருடக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், பஸ், வெளியே சாப்பாடு, நோட்டரி, திட்டக் கட்டுரை டைப்பிங்கும் பைண்டிங்கும் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தை ஒட்டி வந்தது. டைப்பிங்கை நானே செய்திருக்கலாம் என்று தோன்றும். தமிழ்த் தட்டச்சு தெரிந்தால் செய்யுங்கள், யுனிகோடில் அடித்ததைக் கடையில் வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் பாதிச் சொல் கட்டம் கட்டமாக வரும், அச்செடுக்கும் முன் ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். ஒரு பிரதி பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று நெறியாளருக்கு, ஒன்று உங்களுக்கு. நான் பெரியம்மாவுக்காக நான்காவதாக ஒன்று போட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவள், அட்டையில் தன் பேர் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். அட்டையில் இல்லை, உள்ளே நன்றிப் பக்கத்தில்தான் இருந்தது, காட்டினேன்.

வாய்மொழித் தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கிறேன். பாஸ் ஆனதும் பட்டம் வீடு தேடி வரும் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டமளிப்புக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், அதற்கும் ஒரு கெடு உண்டு. அந்த விண்ணப்பத்திலும் இனிஷியல் கேட்பார்கள், நோட்டரி பத்திரத்தின் நகலை இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன்.